லூட் வாசிக்கும் பெண்ணுக்கு

ஹோர்ன், 14 நவம்பர் 1661

லெய்டன் நகரில் ஓவியர் கோவெர்ட் தீலமன் வரைந்த படத்தில் லூட் என்னும் தந்தி வாத்தியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு,

நீங்கள் எனக்குத் தெரியாத யாரோ என்றால், மன்னித்து, இதற்குமேல் படிக்காமல் அடுப்பில் போட்டுவிடுங்கள். ஹில்லா என்றால், உட்கார்ந்து படி.

நான் டீவர். உன் அக்கா.

மார்ட்டின் திருநாளன்று உன் புருஷன் ரெய்யர் எங்களை வாத்துக்கறி விருந்துக்குக் கூப்பிட்டான். நீ போனதிலிருந்து அந்த வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. ஆனால் என் புருஷன் லூபெர்ட் அவன் கப்பலில் துணை மாலுமி. கப்பல் தலைவன் கூப்பிட்டால் வயிறு நிரம்பியிருந்தாலும் போய்ச் சாப்பிட வேண்டும். போனோம். சாப்பாடு முடிந்ததும், பீப்பாயைத் திறக்கச் சொல்லி லூபெர்ட்டைக் கீழே அனுப்பிவிட்டு, ரெய்யர் என்னை முன் அறைக்குக் கூட்டிப்போனான். சுவரில் ஒரு படம். அதற்கு முன்னால் பச்சைத் துணி தொங்கியது.

"வாங்க மதினி, ஒரு ஆளைக் காட்டறேன்" என்று துணியை விலக்கினான்.

நல்ல படம்தான். வேறொருவர் வீட்டில் பார்த்திருந்தால் ரசித்திருப்பேன். கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்குத் தரை, இடப்பக்க ஜன்னலிலிருந்து வெளிச்சம், தூங்குகிற நாய். மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தி லூட்டுக்குச் சுருதி கூட்டுகிறாள். அவள் நாற்காலியின் முதுகில் கை வைத்தபடி, சாம்பல் நிறத் தொப்பி போட்ட ஒருவன் பாட்டுத் தாளை நீட்டுகிறான்.

"யாருன்னு தெரியுதா?"

"யாரோ பெரிய வீட்டுப் பொண்ணு. எனக்கெப்படித் தெரியும்?"

"முடி வேற, மூக்கு வேற. மொதல்ல நானும் ஏமாந்துட்டேன். சந்தையில படக்கடையைத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வந்தேன். விரலைப் பாருங்க."

பார்த்தேன். இடது கைச் சுண்டுவிரல் மடங்காமல், தந்தியைத் தொடாமல், குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"அது என் கைவேலை, மதினி. நம்ம கைவேலை நமக்குத் தெரியாம போகுமா?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்தத் தொப்பிக்காரன் யாரு?" என்றான்.

கதவிடுக்கில் நசுங்கியது என்று நீ என்னிடம் சொன்ன விரல் அது. நானும் நம்பினேன். களிம்பு, கட்டுத்துணி என்று வைத்தியம் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் விடிந்ததும், அந்தப் படக்கடைக்காரன் தங்கியிருந்த சத்திரத்துக்கு ஓடினேன். அவன் படகேறிக்கொண்டிருந்தான். வரைந்தவர் பேரை அவன் வாயிலிருந்து வாங்கிவிட்டேன். படத்தில் பேர் இல்லை. பின்னிக்கொண்டிருக்கும் இரண்டு எழுத்துதான். எனவே ரெய்யருக்கு இன்னும் தெரியாது. ஆனால் அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். உனக்கு அவனைத் தெரியும்.

இரண்டு வருஷம், ஹில்லா. துறைமுகத்தில் உன் சால்வை கிடந்தது. அதற்குப் பிறகு கடல் கரையில் ஒதுக்கிய ஒவ்வொரு பெண் உடலையும் போய்ப் பார்த்தவள் நான். ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை.

பதில் எழுதினால் என் வீட்டுக்கு அனுப்பாதே. மெழுகுவர்த்தி செய்யும் விதவை அல்பெர்ட்டா பேருக்கு அனுப்பு.

டீவர்


லெய்டன், 24 நவம்பர் 1661

அக்கா,

நான்தான்.

இதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் நேற்று முழுக்க இந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதை நீ நம்ப வேண்டும். பிறகு ரெய்யர் என்ற பேரைப் படித்தேன். கையிலிருந்த பால் சட்டி கீழே விழுந்துவிட்டது.

இங்கே என் பேர் ஸ்டீனா. விதவை என்று சொல்லியிருக்கிறேன். இந்த ஊரில் நெசவுக்கு வந்து குவிகிறவர்கள் அத்தனை பேர். யாரும் யாரையும் எந்த ஊர் என்று இரண்டாம் தடவை கேட்பதில்லை. முதல் வருஷம் கம்பளி நூற்றேன். பிறகு கோவெர்ட் ஐயா வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். ஐயா நல்லவர், கொஞ்சம் அசடு. வீட்டை நடத்துவது அவர் மனைவி அலிடா அம்மாள்.

ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாய். எழுதியிருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாய். லூபெர்ட் அத்தான் உன் முகத்தைப் பார்த்திருப்பார். ரெய்யர் அத்தானின் முகத்தைப் பார்த்திருப்பான். உங்கள் வீட்டில் யாருக்கும் முகத்தை மூடிவைக்கத் தெரியாது அக்கா. நான் செத்தவளாக இருந்தால் நீ அழுவாய், அவன் நம்புவான். அப்படித்தான் கணக்குப் போட்டேன். உன்னை அழவைத்துத்தான் நான் உயிரோடு இருந்தேன். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

படத்துக்கு உட்கார மாட்டேன் என்றுதான் சொன்னேன். வழக்கமாக அலிடா அம்மாள்தான் உட்காருவார். அப்போது அவருக்கு மாசம் ஆறு, வாந்தி நிற்கவில்லை. "நீ உக்காரு ஸ்டீனா, லூட்டை நீதானே சரியாப் பிடிக்கற" என்றார். அப்பா சொல்லிக்கொடுத்தது கையை விட்டுப் போகவில்லை. முகத்தை மாற்றினால்தான் உட்காருவேன் என்றேன். ஏன் என்றுகூட ஐயா கேட்கவில்லை. "முகமா? அது எனக்கு வேணவே வேணாம், எனக்கு மஞ்சள் சட்டை மேல விழற வெளிச்சம் போதும்" என்றார். முடியைப் பொன்னிறமாக்கினார். மூக்கை நீட்டினார். விரலை மட்டும் விட்டுவிட்டார். அது அழகாக இருக்கிறதாம்.

அந்தத் தொப்பிக்காரனைப் பற்றிக் கேட்டானா? அக்கா, அது மனிதனே இல்லை. மரப்பொம்மை. ஆள் உயரம், முழங்காலும் முழங்கையும் மடங்கும். ஐயா அதற்குத் தன் பழைய அங்கியையும் தொப்பியையும் மாட்டி என் பின்னால் நிறுத்தினார். முகத்துக்குத் தன் மைத்துனர் முகத்தைப் பார்த்து எதையோ வரைந்தார். பளிங்குத் தரையும் பொய். இங்கே இருப்பது பலகைத் தரை. வாரம் இரண்டு தடவை நான்தான் தேய்க்கிறேன்.

அவன் அந்தப் பொம்மைக்காக என்னைக் கொல்வான். சிரிப்பு வருகிறது. சிரித்தால் நிற்காது என்று பயமாகவும் இருக்கிறது.

இப்போதெல்லாம் தெருப்பக்க ஜன்னலைக் குனிந்துதான் கடக்கிறேன். அலிடா அம்மாள் கவனிக்கிறார். சொல்லிவிடட்டுமா? சொன்னால் என்னை வைத்திருப்பார்களா? ஓடிவந்த பெண்டாட்டியை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்தானே?

அவன் என்ன செய்கிறான் என்று எழுது. சின்ன விஷயமானாலும் எழுது.

ஹில்லா


ஹோர்ன், 3 டிசம்பர் 1661

ஹில்லா,

எங்களுக்கு முகத்தை மூடத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். நன்றாகச் சொன்னாய். இந்த மூன்று வாரமாக நான் வேறு எதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறாய்?

என்ன செய்கிறான் என்று கேட்டாய். எழுதுகிறேன்.

படத்திலிருந்த ஆணின் முகத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டான். வேறெங்கும் ஒரு கீறல் இல்லை. உன் முகத்தைத் தொடவில்லை. படத்துக்கு எதிரே நாற்காலி போட்டுத்தான் சாப்பிடுகிறானாம். சாப்பாட்டைப் பற்றி, காற்றைப் பற்றி, கப்பலைப் பற்றி அதனிடம் பேசுகிறானாம். சமைக்கிற கிழவி வந்து லூபெர்ட்டிடம் சொல்லியிருக்கிறாள். "பாவம், பெண்டாட்டி நெனப்பு" என்று லூபெர்ட் என்னிடம் சொன்னான். ஊரும் அப்படித்தான் சொல்கிறது. நல்ல மனுஷன், கடலுக்குப் பெண்டாட்டியைக் கொடுத்தவன், இன்னும் மறக்கவில்லை, பார்.

படக்கடைக்காரனைத் தேடிப் போனான். அவன் கடல் தாண்டி ஃப்ரீஸ்லாந்துப் பக்கம் போய்விட்டதால் கிடைக்கவில்லை. ஆனால் சத்திரக்காரன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

முந்தாநாள் ரெய்யர் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"மதினி, எனக்கு முன்னாடியே ஒரு பொம்பளை அந்த ஆளைப் பாத்துப் பேசியிருக்கா. பழுப்பு முக்காடு போட்டிருந்தாளாம். இந்த ஊர்ல பழுப்பு முக்காடு எத்தனை பேருகிட்ட இருக்கும்?"

"பாதி ஊருகிட்ட இருக்கும்."

"ஆமாமா, பாதி ஊரு." கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய என் முக்காட்டை எடுத்து, துணி எப்படி என்று பார்க்கிறவன் மாதிரி விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, மடித்து நாற்காலியில் வைத்தான். அவ்வளவுதான். போய்விட்டான். மாவு உப்பவில்லை அன்றைக்கு.

ஓடிவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கே என்று கேட்பாய். எனக்குத் தெரிந்த ஊர்களெல்லாம் அவனுக்கும் தெரிந்த ஊர்கள்தான். ஓடாமல் இரு என்று சொல்லவும் எனக்குத் தைரியமில்லை.

டீவர்


லெய்டன், 12 டிசம்பர் 1661

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே மூட்டை கட்டினேன். படகுத்துறைக்குப் போய், ராட்டர்டாம் போகிற படகு கண்ணெதிரே கிளம்பிப் போகும்வரை நின்றேன்.  அங்கே போனாலும் எந்த வீட்டுச் சுவரில் எந்தப் படம் இருக்குமோ என்று நினைத்தேன். திரும்பி வந்து மூட்டையோடு அடுக்களையில் உட்கார்ந்தேன். அலிடா அம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மூட்டையைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேர், ஊர், விரல், எல்லாம்.

அவர் என் மூட்டையை எடுத்து மூலையில் வைத்தார். பிறகு, "விதவைன்னு சொன்னியே, அப்பவே எனக்குச் சந்தேகம்டி. செத்துப்போன புருஷனைப் பத்தி ஒரு தடவைகூட நீ நல்லதாப் பேசினதில்ல. செத்தவனைப் பத்தி எல்லாரும் நல்லதாத்தான் பேசுவாங்க" என்றார்.

"நான் போயிடறேம்மா."

"எங்க போவ? அந்தப் படம் வித்துப்போச்சுன்னு இவர் அதே மாதிரி இன்னும் மூணு வரைஞ்சு ரெண்டை வித்திருக்கார். எத்தனை படத்துலருந்து ஓடுவ?"

ஐயாவும் அதைக் கேட்டார். வீட்டில் மீதி இருந்த ஒன்றில் என் விரலை மடக்கிவிட்டார். இரண்டு தடவை என்னிடம் வந்து எதையோ சொல்ல ஆரம்பித்து, சாயம் வாங்கிவரச் சொல்லிவிட்டுப் போனார்.

அலிடா அம்மாள் என்னை டீக்கன் ஃபோப்பிடம் கூட்டிப்போனார். ஞாயிறுதோறும் இந்த வீட்டில் பாட்டுக் கூட்டம் நடக்கும். சபையில் பெரிய மனுஷரானாலும் ஃபோப் இங்கே வந்து வயல் என்கிற பெரிய வில் வாத்தியத்தை முழங்கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு வாசிப்பார். பொறுமையாகக் கேட்டார். சட்டப்படி கணவன் மனைவி மேசையும் கட்டிலும் பிரிந்து வாழ நீதிபதிகள் உத்தரவு தரலாம் என்றார். ஆனால், "அடிச்சான்னு நீ சொன்னா போதாதும்மா. பாத்தவங்க சொல்லணும். ஆறு வருஷத்துல ஒருத்தர்கூடப் பாக்கலியா?" என்றார்.

ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. அதுதான் ரெய்யர். வெளியே அவன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஹோர்னில் சபைப் பெரியவர்களிடம் நான் போனபோதும் இதே கேள்விதான். அன்றைக்கு அவர்களே அவனைக் கூப்பிட்டு என்னை அவனோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் விரல்.

அக்கா, உன்னிடம் அவன் சொன்னானே, அது என் கைவேலை என்று. அதை நீ ஒரு நோட்டரி முன்னால் சொல்வாயா?

கேட்கக்கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியும்.

ஹில்லா


ஹோர்ன், 21 டிசம்பர் 1661

ஹில்லா,

மாட்டேன். லூபெர்ட்டின் வேலை ரெய்யர் கையில். நாங்கள் குடியிருக்கிற வீடு அவன் அண்ணனுடையது. எனக்கு மூன்று பிள்ளைகள். மாட்டேன் என்று மட்டும் எழுதி அனுப்ப வேண்டும் என்றுதான் ஒரு வாரமாக நினைத்தேன்.

இப்போது அதைவிட மோசமானதை எழுதவேண்டியிருக்கிறது.

நேற்று மத்தியானம் வந்தான். பை நிறைய அக்ரூட் கொட்டை கொண்டுவந்தான். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். லைஸ்பெட்டை மடியில் வைத்துக்கொண்டான். அவளுக்கு ஐந்து வயது, நீ போனபோது மூன்று. கொட்டை உடைக்கிற குறடால் ஒவ்வொன்றாக உடைத்து அவள் வாயில் போட்டான். லூபெர்ட் எதிரே உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டிருந்தான்.

"சித்தப்பாவுக்கு உன் விரலைக் குடு, பாக்கலாம்" என்றான். அவள் கொடுத்தாள். சுண்டுவிரலைக் குறடுக்கு நடுவில் வைத்தான். அவள் சிரித்தாள். கூசுகிறதாம்.

என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எந்த ஊரு, மதினி?" என்றான்.

குறடு கொஞ்சம் நெருங்கியது. லைஸ்பெட் சிரிப்பை நிறுத்தினாள்.

லெய்டன் என்றேன்.

"பாத்தீங்களா, எவ்வளவு லேசு" என்று குழந்தையை இறக்கிவிட்டான். அவன் போனபிறகு லூபெர்ட் கேட்கிறான்: "விளையாட்டுதானே, நீ ஏன் இப்படி வெளுத்துப்போய் நிக்கற?"

ஊர்ப் பேரைத்தான் சொன்னேன். தெருவைச் சொல்லவில்லை. ஓவியர் பேரைச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு லெய்டனில் தேட எத்தனை நாள் ஆகும்? இன்று காலை சறுக்குவண்டியில் ஆம்ஸ்டர்டாம் பக்கம் கிளம்பிவிட்டான். கால்வாய் உறைந்திருக்கிறது. இந்தக் கடிதமும் அதே பனிமேல்தான் வரவேண்டும். எது முந்துமோ தெரியவில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. ஓடு.

டீவர்


லெய்டன், 4 ஜனவரி 1662

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தாடை வீங்கியிருப்பதால் பேச முடியவில்லை, எழுத முடிகிறது.

உன் கடிதம்தான் முந்தியது, ஒரு நாள். சனிக்கிழமை வந்தது. அலிடா அம்மாளிடம் படித்துக் காட்டினேன். மறுநாள் புத்தாண்டு ஞாயிறு. "கூட்டத்தை நிறுத்த வேணாம். வீடு நிறைய ஆள் இருக்கட்டும். நீ அடுக்களையை விட்டு வராதே. பின் கதவுத் தாழ்ப்பாளை எடுத்து வை" என்றார்.

பிரசங்கம் முடிந்து எல்லாரும் வந்தார்கள். டீக்கன் ஃபோப், நோட்டரியின் மனைவி ஹெஸ்டர் அம்மாள், மருந்துக்கடைக்காரர், இன்னும் இரண்டு பேர். அலிடா அம்மாள் வர்ஜினல் என்னும் இசைப்பெட்டி முன் உட்கார்ந்தார். இரண்டாவது பாட்டு நடக்கும்போது அவன் வந்தான். அடுக்களைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பனியை மிதியடியில் நன்றாகத் தட்டிவிட்டு, "பாட்டைக் கெடுத்துட்டேன், மன்னிக்கணும். உங்க படம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு ஐயா. இன்னொண்ணு வாங்கலாம்னு வந்தேன்" என்றான். அவ்வளவு நயமான குரல். எனக்கு அந்தக் குரல்தான் பயம்.

அறையைச் சுற்றிப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"அந்தக் கறுப்பு வெள்ளைத் தரை எங்கே?"

"அது என் தலைக்குள்ள இருக்கு" என்றார் ஐயா. 

"அந்தத் தொப்பிக்கார ஆளு?"

ஐயா போய்ப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினார். சாம்பல் தொப்பி அதன் தலையிலேயே இருந்தது. ரெய்யர் அதை வெகுநேரம் பார்த்தான். அப்போதாவது போய்விடுவான் என்று நினைத்தேன் அக்கா. அவன் முகம் ஒரு கணம் வெறுமையாகிவிட்டது.

"அந்தப் பொண்ணு?"

"நான்தான்" என்றார் அலிடா அம்மாள்.

"கையைக் கொஞ்சம் காட்டுங்கம்மா." காட்டினார். "மடக்குங்க." மடக்கினார். ரெய்யர் புன்னகை செய்தான். பிறகு அவர்களைப் பார்க்காமல், அடுக்களைக் கதவைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகப் பேசினான்.

"எங்க ஊர்ல என் மதினி மகள் ஒருத்தி இருக்கா. அஞ்சு வயசு. அவளுக்கு அக்ரூட்னா உசிரு. நான் திரும்பிப் போறப்ப ஒரு மூட்டை வாங்கிட்டுப் போகணும்."

அங்கே யாருக்கும் புரியவில்லை. "பாசமான மனுஷன்" என்கிற மாதிரி மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார்.

பின் கதவு திறந்திருந்தது. சந்தில் பனி. யாரும் இல்லை. போயிருக்கலாம். நீயும் போகத்தான் சொன்னாய். நான் கதவைத் திறந்துகொண்டு அவர்கள் இருந்த அறைக்குள் வந்தேன்.

அலிடா அம்மாள் இதைப் பெரிய தைரியம் என்கிறார். இல்லை.  ஒன்று மட்டும் மண்டையில் தெளிவாக இருந்தது. நாலு பேர் முன்னால் அவன் அடிக்கமாட்டான். சிரித்துப் பேசி, என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவான். எல்லாரும் வாழ்த்தி அனுப்புவார்கள், ஹோர்னில் அனுப்பியது மாதிரி. அவன் நினைத்ததும் அதைத்தான். "ஹில்லா, கண்ணு" என்று கையை நீட்டினான். கண்ணில் நீர்கூட வந்தது. "இவ என் பெண்டாட்டி. ரெண்டு வருஷமாத் தேடறேன்" என்றான். ஹெஸ்டர் அம்மாள் "ஐயோ பாவம்" என்றார். டீக்கன்கூட எழுந்து நின்றுவிட்டார்.

நான் பொம்மைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அதன் மரக்கையை என் கையோடு கோத்துக்கொண்டேன்.

"நீங்க கத்தியால முகத்தைச் சுரண்டினீங்களே, அவர் இவர்தான். நான் ஓடிவந்தது இவரோடதான். வந்த தூரத்துக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

முதலில் மருந்துக்கடைக்காரர் சிரித்தார். பிறகு ஹெஸ்டர் அம்மாள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. மரப்பொம்மைமேல் பொறாமைப்பட்டு ஊர்விட்டு ஊர் வந்த ஒருவனைப் பார்த்து யாருக்குத்தான் சிரிப்பு வராது? அறை முழுக்கச் சிரித்தது. ரெய்யரைப் பார்த்து யாரும் சிரித்து நான் கண்டதில்லை. கப்பலில் அப்படிச் சிரித்த ஒருவனை அவன் என்ன செய்தான் என்று லூபெர்ட் அத்தானுக்குத் தெரியும்.

முதல் அடி தாடையில். வர்ஜினல்மேல் விழுந்தேன். இரண்டாவது எங்கே என்று நினைவில்லை. பிறகு என் கையைப் பிடித்தான், அதே இடது கையை. மோதிர விரலை மடக்க ஆரம்பித்தான். "யாருடி சிரிக்கறா, யாரு சிரிக்கறா" என்று கேட்டுக்கொண்டே. ஐயா, நம் அசட்டு ஐயா, பொம்மையைத் தூக்கி அவன் முதுகில் அடித்தார். பொம்மையின் கை தனியாகக் கழன்று விழுந்தது. மற்றவர்கள் ஓடிவந்து பிடித்தார்கள்.

  ஹெஸ்டர் அம்மாள், சிரித்த வாயை இன்னும் கையால் பொத்திக்கொண்டு, "நான் பாத்தேன். என் வீட்டுக்காரர்கிட்ட இப்பவே போய் எழுதிக்குடுக்கறேன்" என்றார். டீக்கன் ஃபோப் கையில் வில்லோடு நின்றவர் நின்றபடியே இருந்தார்.

"நீங்க பாக்கலியா?" என்று கேட்டார் அலிடா அம்மாள்.

அவர் உதட்டை நனைத்துக்கொண்டு, "பாத்தேம்மா" என்றார்.

காவலர்கள் வந்து அவனைக் கூட்டிப்போனார்கள். வாசலில் அவன் மறுபடி பழைய குரலில், "பெண்டாட்டி விஷயம், கோவத்துல கை நீண்டிருச்சு" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே போனான். ரொம்ப நாள் உள்ளே வைத்திருக்க மாட்டார்கள். இந்த ஓர் அடி போதாது, முன்பும் அடித்தான் என்பதற்கு யாராவது சொல்ல வேண்டும் என்கிறார் நோட்டரி.

உன்னை மறுபடி கேட்கமாட்டேன். நீ லெய்டன் என்று சொன்னதற்கு எனக்கு வருத்தமே இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தால் தெருவையும் சொல்லியிருப்பேன். லைஸ்பெட்டை எங்காவது அனுப்பிவிடு. அவன் வெளியே வருவதற்குள் அனுப்பிவிடு.

ஹில்லா


ஹோர்ன், 17 ஜனவரி 1662

ஹில்லா,

பிள்ளைகளை எடாம் ஊரில் லூபெர்ட்டின் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

உன் கடிதத்தை லூபெர்ட்டுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும். அக்ரூட் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, "அன்னைக்கு அவன் எங்கிட்ட என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன், நீயே சொல்லு" என்றேன். அவன் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நோட்டரிகிட்டப் போறேன்" என்றேன்.

"போனா வேலை போயிரும். வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

பிறகு எழுந்து காலணியை மாட்டினான். கூடவே வந்தான்.  நோட்டரி வீட்டு வாசலில், தான் உள்ளே வரவில்லை என்று சொல்லி, பனியிலேயே நின்றான். விரலைப் பற்றி ரெய்யர் சொன்னதை நான் சொன்னேன். எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். நான் அழுத்திய அழுத்தில் பேனா ஒடிந்து, இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தார்கள். முடித்து வெளியே வந்தால் லூபெர்ட் வாசலில் இல்லை. பயந்து ஓடிவிட்டான் என்று நினைத்தேன். அவன் பக்கத்து அறையில் உட்கார்ந்து, கப்பலில் சிரித்த அந்தப் பையனைப் பற்றி இன்னொரு எழுத்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ரெய்யரை விட்டுவிட்டார்கள் என்று கேள்வி. இன்னும் ஊர் வந்து சேரவில்லை. கதவுக்குக் குறுக்கே அலமாரியை நகர்த்திவைத்துத் தூங்குகிறோம்.

டீவர்


லெய்டன், 21 மார்ச் 1662

அக்கா,

நேற்று உத்தரவு வந்துவிட்டது. மேசையும் கட்டிலும் வேறு. அவன் இந்த ஊர் எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது. உன் வீட்டை நெருங்கக்கூடாது. உன் வாக்குமூலத்தையும் அத்தானுடையதையும் உரக்கப் படித்தார்களாம். டீக்கன் ஃபோப் வந்து சொன்னார். வயல் வாசிக்க மறுபடி வர ஆரம்பித்திருக்கிறார்; என்னைப் பார்த்தால் மட்டும் தாளத்தை விட்டுவிடுகிறார்.

நார்வேக்குப் போகிற முதல் கப்பல்களோடு அவன் போய்விட்டான் என்று எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் கப்பல் போனால் திரும்பி வரும். தாளில் எழுதியது கதவுக்குத் தாழ்ப்பாள் ஆகாது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இரண்டு பல் போன இடத்தில் நாக்கு போய்ப் போய்த் தொடுகிறது. அலிடா அம்மாள் என்னை ஹில்லா என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறார். ஐயா இன்னும் ஸ்டீனா என்றுதான்

அக்கா, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வீட்டில் யாருமில்லை. அவர்கள் சந்தைக்குப் போயிருக்கிறார்கள். இதை வைத்துவிட்டுப் போகிறேன்.

மீன்காரிதான். கூடையை இறக்கச் சொல்லி, பேரம் பேசி, இரண்டு நல்ல மீன் எடுத்தேன். "என்னம்மா, பேயைப் பாத்த மாதிரி நிக்கறீங்க" என்று கேட்டாள். அடுக்களையிலிருந்து வாசல்வரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனேன்.  ஆனால் யார் என்று கேட்காமல், நான்தான் போய்த் திறந்தேன்.

ஹில்லா